திகதி இல்லாத பெயர்

ஸ்காபரோ,
06.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? மாமிக்குக் கண் வெட்டினபிறகு பார்வை தெளிந்துவிட்டதா?

இந்த ஒரு வருசமும் போனில் நாங்கள் கதைத்தது மழையும் பிள்ளைகளின் சோதனையும் வெங்காய விலையும்தான். போன ஆடி அமாவாசைக்கு முதல்நாள் இரவு நடந்ததை நீங்களும் தொடவில்லை, நானும் தொடவில்லை. போனில் தொட்டால் திரும்பவும் குரல் உயரும். அதனால்தான் கடதாசி. பேனை பிடித்து எவ்வளவு காலம், இரண்டு வரிக்கே விரல் உளைகிறது.

என்ர வேலையைப் பற்றி உங்களுக்கு ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. "வயதுபோன ஒரு மனுசியைப் பார்க்கிறன்" என்றதோடு விட்டுவிடுவேன். ஏழு வருசம் பார்த்தேன். அந்த மனுசி போன ஆவணியில் மோசம்போய்விட்டா. தொண்ணூற்றாறு வயது. போன ஞாயிறு அவவின் கல்லறைக்குக் கல் வைத்துத் திறந்தார்கள். போய் வந்ததிலிருந்து உங்களுக்கு எழுதவேண்டும் என்ற எண்ணம்தான்.

அவ யூத மனுசி. பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் வீடு, இங்கேயிருந்து இரண்டு பஸ் எடுத்துப் போகவேண்டும். ஸ்காபரோவில் எங்கட ஆக்களின் கடைகள் எப்படியோ, அப்படி அந்த வீதி நீளத்துக்கு அவர்களின் பேக்கரியும் இறைச்சிக்கடையும் தொழுகைக் கூடங்களும். சனிக்கிழமை கார் ஓடமாட்டார்கள். கறுப்புத் தொப்பிகளும் நீளப் பாவாடைகளுமாக, நல்லூர்த் தேருக்குப் போகிற சனம் மாதிரி குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையே குசினியில் பிழை விட்டேன். பட்டர் பூசுகிற கத்தியால் அவித்த கோழியை வெட்டிவிட்டேன். மனுசி நெஞ்சில் கை வைத்துத் தங்கள் இத்திஷ் பாசையில் ஏதோ கத்தினா. அந்த வீட்டில் பாலுக்கு ஒரு லாச்சி, இறைச்சிக்கு ஒரு லாச்சி. கோப்பை, கரண்டி, கழுவுகிற துணிகூட வேறு வேறு. பிறகு கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போய் யன்னலோரத்துப் பூச்சாடி மண்ணுக்குள் பிடிவரைக்கும் குத்தி வைத்தா. "ரப்பியைக் கேட்டால் இது தேவையில்லை என்பார். என் அம்மா இப்படித்தான் செய்வா" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட அம்மா வெள்ளிக்கிழமைக்கென்று தனிச் சட்டி வைத்திருந்ததும், மச்சக் கரண்டி அதில் பட்டதற்கு நீங்கள் வாங்கிக் கட்டினதும் நினைவிருக்கா?

வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னம் இரண்டு மெழுகுதிரி கொளுத்துவா. வெளிச்சத்தைக் கையால் மூன்றுதரம் தன் பக்கம் அள்ளி, கண்ணைப் பொத்திக்கொண்டு முணுமுணுப்பா. அதற்குப் பிறகு சனி இரவு வரை லைற்றின் சுவிச்சைத் தொடமாட்டா. போடு என்று என்னிடம் சொல்லவும் கூடாது. கூரையைப் பார்த்து, "இந்த அறை என்னமாதிரி இருட்டாக் கிடக்குது" என்பா. நான் எழும்பிப் போய் எனக்காகப் போடுகிறமாதிரிப் போடவேண்டும். கடவுளோடு இப்படி ஒரு ஒழிச்சுப் பிடிச்சு விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது.

தேத்தண்ணியும் பழச்சாறும் எனக்குத் தருவது தடிப்பான சின்னக் கிளாஸ் ஒன்றில். அலுமாரியில் அதே அச்சில் இருபது முப்பது கிளாஸ் அடுக்கியிருக்கும். மாதக்கணக்காக அதில் குடித்தபிறகு ஒருநாள், இதெல்லாம் எங்கே வாங்கினது என்று கேட்டேன். "வாங்கவில்லை. இப்போது நீ குடிக்கிறது என் அம்மாவின் கிளாஸ்" என்றா.

யார்ட்சைட் என்று ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. எங்கட திவசம்தான். செத்த நாள் வருகிறபோது, முதல்நாள் பொழுதுபட, கிளாசுக்குள் வார்த்த மெழுகுதிரி ஒன்று கொளுத்துவார்கள். இருபத்துநாலு மணித்தியாலம் எரியும். சுப்பர்மார்க்கட்டிலேயே அடுக்கி விற்கிறார்கள். எரிந்து முடிய அந்தக் காலத்துச் சனம் கிளாசை எறியாமல் சுரண்டிக் கழுவி வைத்துக்கொண்டது. துடக்கு, தோசம் ஒன்றும் கிடையாது. அக்கா, நீங்கள் என்றால் அந்த வீட்டில் பச்சைத்தண்ணி குடித்திருக்கமாட்டீர்கள். எனக்கும் முதலில் தொண்டையில் இறங்கவில்லைதான்.

அவ பிறந்த ஊர் சிகெட். 1928இல் பிறக்கும்போது அது ருமேனியா. 1940இல் ஊர் ஹங்கேரியின் கைக்குப் போனது, யுத்தம் முடியத் திரும்பவும் ருமேனியா. "நாங்கள் வீட்டை விட்டு அசையவில்லை, நாடுகள்தான் வந்து வந்து போயின" என்பா. நோபல் பரிசு வாங்கின எலீ வீசலும் அதே ஊரில் அதே வருசம் பிறந்தவர். அவரைத் தெரியுமா என்று கேட்காத ஆளில்லை. தெரியாது என்று சொல்லிச் சொல்லி மனுசிக்கு அலுத்துப்போயிருந்தது.

1944 மார்ச்சில் ஜேர்மன்காரர் ஹங்கேரிக்குள் வந்தார்கள். அந்த மே 15இலிருந்து ஜூலை 9 வரை, எட்டுக் கிழமைக்குள், நாலு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட யூதச் சனத்தை ரயிலில் ஏற்றினார்கள். அநேகமாக எல்லாம் அவுஷ்விட்சுக்கு. இவவுக்குப் பதினாறு வயதும் ஆகவில்லை. இறங்கின இடத்திலேயே தாயும் சின்னத் தம்பியும் தங்கச்சியும் ஒரு பக்கம், இவ மறுபக்கம், தகப்பன் ஆம்பிளைகளின் வரிசையில். அவ்வளவுதான் அவ அதைப்பற்றி எனக்குச் சொன்னது. பிறகு பெர்கன்-பெல்சன், அங்கேயிருந்து மீண்டது, அகதி முகாமில் கலியாணம் என்று மிச்சத்தை விரல்விட்டு எண்ணுவது மாதிரி சொல்லி முடிப்பா.

கையில் நம்பர் பச்சை குத்தியிருப்பார்கள் என்று நான் படத்தில் பார்த்திருந்தேன். இவவின் கையில் இல்லை. ஹங்கேரியிலிருந்து போன கனபேரை வேறு முகாமுக்கு அனுப்பவென்று நம்பர் போடாமலே அடைத்து வைத்திருந்தார்களாம். பள்ளிக்கூடங்களுக்குப் பேசப் போன காலத்தில் பிள்ளைகள் கையைப் பார்த்து ஏமாந்து போவார்கள் என்று சொல்லிச் சிரிப்பா. 2023இல் இங்கே புதிதாகத் திறந்த நினைவு அருங்காட்சியகத்துக்கு மகள் கூப்பிட்டபோது, "நான் ஏன் அங்கே? என்னை அலுமாரிக்குள் வைக்கவா?" என்று கேட்டா.

கனடாவுக்கு வந்த கதைதான் உங்களுக்குப் பிடிக்கும். யுத்தத்துக்குப் பிறகும் யூதரை எடுக்கக் கனடாவுக்கு மனமில்லை. 1939இல் சென் லூயிஸ் என்ற கப்பலில் இருந்த தொள்ளாயிரத்தேழு பேரை ஏற்க மறுத்த நாடல்லவா? அதற்குப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பரில். அதை ரீவியில் பார்த்துவிட்டு மனுசி, "நல்லது, கப்பலுக்குச் சொல்லுங்கோ" என்றா. பிறகு தையற்காரருக்குத் தட்டுப்பாடு வந்ததும் கதவு கொஞ்சம் திறந்தது. ஐரோப்பாவின் அகதி முகாம்களிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தையற்காரரை எடுத்தார்கள். முகாமிலேயே தைக்க வைத்துச் சோதனை. இவவின் புருசன் புத்தகக்கடையில் நின்றவர், ஊசி பிடித்ததே இல்லை. சோதனைக்கு முதல்நாள் இரவு முழுக்க ஒரு கிழிசல் துணியில் தெறி ஓட்டை தைக்கப் பழகினாராம். இமிகிரேசனுக்கு நாங்கள் சொன்ன கதைகளை நினைத்துக்கொண்டு நானும் கூடச் சிரித்தேன்.

வருசத்தில் ஒருதரம் அவவுக்கு ஒரு படிவம் வரும். தப்பி வந்தவர்களுக்கு ஜேர்மனி கொடுக்கிற காசு தொடர்ந்து வரவேண்டுமென்றால், தான் உயிரோடு இருப்பதாக ஆள் ஒருவரின் முன்னிலையில் கையெழுத்து வைத்து அனுப்பவேண்டும். 2024 தொடக்கத்தில் உலகம் முழுக்க அப்படி இரண்டு லட்சத்து நாற்பத்தையாயிரம் பேர்தான் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். என்ர சம்பளத்தில் ஒரு பங்கும் அந்த வழியால்தான் வந்தது. கையெழுத்து வைக்கும்போது ஒவ்வொரு தரமும், "இன்னும் இருக்கிறேன், அவங்களுக்கு நட்டம்" என்பா. அந்தப் படிவத்தைப் பார்க்கிறபோதெல்லாம் கந்தோரில் உங்களுக்கு நீட்டின படிவத்தை நினைப்பேன். இங்கே உயிரோடு இருக்கிறேன் என்று எழுதித் தரக் கேட்கிறார்கள். உங்களிடம் கேட்டது, அத்தான் உயிரோடு இல்லை என்று. நீங்கள் கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்தீர்கள்.

சரி, தாயின் திவசத்துக்கு வருகிறேன். தகப்பனுக்கு ஒரு கடதாசி இருந்தது. ஜேர்மனியில் பாட் ஆரொல்சன் என்ற ஊரில் அந்தக் காலத்து முகாம்களின் பதிவுகளைக் கோடிக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கேயிருந்து அவர் எந்த முகாமில், எந்த நாள் செத்தார் என்று எழுதி வந்தது. தாய்க்கும் சின்னதுகளுக்கும் ஒன்றும் வரவில்லை, வரவும் மாட்டாது. ரயிலால் இறக்கி நேரே கொண்டுபோன சனத்தின் பெயரை ஒருவரும் பதியவில்லை. வேலைக்கென்று பிரித்த ஆட்களுக்குத்தான் பதிவு. அதனால் ரயில் நின்ற நாளையே இவ தாயின் நாளாக வைத்துக்கொண்டா. மே 24, அவர்களின் கணக்கில் சிவான் மாதம் இரண்டாம் நாள். நாங்கள் சந்திரனை வைத்துத் திதி பார்க்கிறமாதிரி, அவர்கள் மாதத்தையே சந்திரனை வைத்து எண்ணுகிற ஆட்கள். சிவான் இரண்டு என்றால் அநேகமாக எங்கட வைகாசியில் அமாவாசை கழிந்த கையோடு வரும்.

போன வருசம் அது ஒரு வெள்ளி இரவு வந்தது. முதலில் தாயின் திரி, பிறகுதான் ஓய்வுநாளின் திரி இரண்டும். கை நடுங்கியது. தீக்குச்சியை நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றா. நாலாவது குச்சியில் பற்றியது. இரவு பாத்றூமுக்குக் கூட்டிப் போகும்போது குசினிக்குள் எட்டிப் பார்த்தா. மற்ற இரண்டும் அணைந்து, தாயின் கிளாஸ் மட்டும் அலுமினியத் தட்டில் நின்று எரிந்துகொண்டிருந்தது. "எண்பது வருசம். அவவுக்கு அப்போது முப்பத்தொன்பது. இப்போது நான் அவவின் பாட்டி மாதிரி" என்றா.

இனித்தான் ஆடி அமாவாசை.

அந்தச் சனி இரவு நான்தான் தொடங்கினேன், அதை ஒத்துக்கொள்கிறேன். "அத்தான் போய்ப் பதினைஞ்சு வருசம். மாமி கண் மூடமுதல் மகனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணியும் இறைச்சதைப் பார்க்க ஆசைப்படுறா. பெடியனும் வளர்ந்திட்டான். கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் செய்து முடியுங்கோ" என்று, ஏதோ பெரிய சாத்திரம் படித்தவள் மாதிரி. நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "எல்லாருமாச் சேர்ந்து அவரைச் சாக்காட்டப் போறியளோ?" அதோடு போன் வைத்துவிட்டீர்கள். நான் திரும்ப எடுத்து, நீங்கள் எடுக்காமல், வொய்ஸ் மெசேஜில் கத்தியும் விட்டேன். அதை நீங்கள் கேட்காமல் அழித்திருந்தால் நல்லது.

திங்கட்கிழமை வீங்கின முகத்தோடு வேலைக்குப் போனேன். வெங்காயம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒன்பது மணிக்கு எந்த வெங்காயம்?" என்று கேட்டா. எல்லாவற்றையும் சொன்னேன். 2009, வைகாசி, திரும்பி வராத அத்தான், உங்கள் நெற்றிக் குங்குமம், மாமியின் எள்ளு. அவ ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. நித்திரை என்று நினைத்தேன். அடுத்தநாள் போனதும், "மெய்டெலே, அந்தக் கடைசி லாச்சியைத் திற" என்றா. மெய்டெலே என்றால் பெட்டை என்று அர்த்தம்.

உள்ளே ஒரு பழைய படிவம். ஜெருசலேமில் யாட் வஷேம் என்ற நினைவகத்துக்கு அனுப்புவது. கொல்லப்பட்ட ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள், தெரிந்தவர்கள் நிரப்பிக் கொடுக்கவேண்டும். அறுபது லட்சம் பேரில் ஐம்பது லட்சத்துக்குக் கிட்ட ஆட்களின் பெயரை இத்தனை வருசத்தில் அங்கே சேர்த்துவிட்டார்கள். கன பேருக்கு அந்தத் தாள்தான் கல்லறை. தாய்க்கும் தகப்பனுக்கும் சின்னதுகளுக்கும் மனுசி எப்பவோ எழுதி அனுப்பிவிட்டா. இது அண்ணனுடையது. வெறுந்தாளாகவே கிடந்தது.

அப்படி ஒரு அண்ணன் இருந்ததே ஏழு வருசத்தில் எனக்குத் தெரியாது. ஹங்கேரிப் பட்டாளத்தில் யூதப் பெடியளுக்குத் துவக்குக் கொடுக்கமாட்டார்கள். மண் வெட்டவும் கண்ணிவெடி அகற்றவும் கட்டாய வேலைப்படையாக உக்ரேன் போர்முனைக்குக் கொண்டுபோவார்கள். அண்ணனை 1942இல் கொண்டுபோனார்கள். இரண்டு தபால் அட்டை வந்தது, அதோடு சரி. ரஷ்யர்களிடம் பிடிபட்டவர்களில் சிலர் யுத்தம் முடிந்து எத்தனையோ வருசம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருத்தன் வந்த செய்தி கேட்கும்போதும் இவ இங்கேயிருந்து கடிதம் போட்டு விசாரித்திருக்கிறா. செத்த நாள் தெரியாதவர்களுக்கென்று தேவெத் மாதம் பத்தாம் நாளை ஒதுக்கியிருக்கிறார்கள், அன்றைக்கு அவர்களுக்காக கடிஷ் சொல்லலாம். எங்கட ஆடி அமாவாசை மாதிரி என்று வையுங்கோ. ரப்பி ஒவ்வொரு வருசமும் நினைவூட்டுவாராம். இவ மாட்டேன் என்பாவாம். கடிஷ் என்கிறது செத்தவருக்காகச் சொல்கிற மந்திரம், ஆனால் அதில் சாவு என்ற சொல்லே கிடையாது, கடவுளைப் புகழ்வது மட்டும்தான். அதைச் சொல்லிக்கூட ரப்பி கேட்டுப் பார்த்தார். மசியவில்லை.

"இந்தத் தாளை நிரப்பினால் அவனைக் கொன்றது நான்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. அக்கா, எனக்கு மேல் முழுக்கக் கூசியது. அந்தச் சனி இரவு நீங்கள் கேட்டதும் அதேதான்.

அப்படியானால் இப்போது ஏன் என்று கேட்டேன். "எனக்குப் பிறகு அவன் பெயரைச் சொல்ல ஆளில்லை. என் கை ஆடுது. நீ எழுது."

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல. பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர். தொழில் என்ற இடத்தில் மணிக்கூடு திருத்துபவர் என்று எழுதப் போனேன், மறித்தா. "பழகுகிறவன் என்று எழுது. அப்பாவின் மணிக்கூட்டைக் கழற்றிப் போட்டவன், திரும்பப் பூட்டவே இல்லை." எண்பது வருசத்துக் கோபம் அதில் இருந்தது. அடுத்தது செத்த இடம், செத்த திகதி, எப்படி. நான் பேனையோடு நிமிர்ந்தேன்.

"அதை விடு" என்றா.

கீழே தானே கையெழுத்து வைத்தா, மெழுகுதிரி கொளுத்தினதை விட நேரம் எடுத்தது. பிறகு உங்கள் கதைக்கு வந்தா. உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்லுவா என்று எதிர்பார்த்தேன். "அவ சமைக்கட்டும், சமைக்காமல் விடட்டும். நீ ஏன் போனில் கத்தினாய்?" அவ்வளவுதான்.

மூன்று கிழமையில் போய்விட்டா, நித்திரையில். அடுத்தநாளே அடக்கம், வைத்திருக்க மாட்டார்கள். பூ இல்லை, மேளம் இல்லை, மெருகு பூசாத பலகைப் பெட்டி. அதுவரைக்கும் உடலைத் தனியே விடாமல் ஒருவர் பக்கத்தில் இருந்து வேதத்தின் சங்கீதப் புத்தகம் வாசித்தார். குழிக்குள் மண்ணை வந்த சனமே அள்ளிப் போட்டது. சவளைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள், மண்ணில் குத்திவிட்டு விலக, அடுத்தவர் எடுக்கவேண்டும். நானும் எடுத்தேன். சுடலைக்கே பொம்பிளைகள் போகாத ஊரில் பிறந்தவள், பெட்டியில் மண் விழுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கிட்ட நின்று கேட்டேன். ஏழுநாள் துக்கத்துக்கும் போனேன். கண்ணாடிகளை எல்லாம் துணியால் மூடி, மகள் பதிந்த கதிரையில் இருந்தா. அவ வாய் திறக்கும்வரை வந்தவர்களும் வாய் திறக்கக்கூடாது. எங்கட செத்தவீடுகளில் அந்த ஒரு சட்டம் இருந்தால் எவ்வளவு நல்லது! எத்தனை மணிக்கு, என்ன வருத்தம், கடைசியாக என்ன சாப்பிட்டவர் என்ற விசாரணை மிச்சம்.

போன ஞாயிறு கல் திறந்தபோது அதில் அவவின் பெயருக்குக் கீழே தாய், தகப்பன், சின்னத் தம்பி, தங்கச்சி. மண் கிடைக்காத சொந்தங்களின் பெயரைத் தப்பி வந்தவர்களின் கல்லில் வெட்டுவது இங்கே வழக்கம். அண்ணனின் பெயர் இல்லை. மகள் என்னிடம் சொன்னா, "படிவத்தை அம்மா விட்டபடியே அனுப்பிவிட்டேன். கல்லில் வெட்ட எனக்குத் துணிவில்லை, அம்மா அவனுக்குத் திரி கொளுத்தவில்லையே." அது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. கல்லில் இருந்திருந்தால் அவனுக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. பூவுக்குப் பதிலாகக் கூழாங்கல் வைத்துவிட்டு வருவார்கள். நான் இரண்டு வைத்தேன்.

ஆடி அமாவாசை இந்த மாதம் 24ஆம் திகதி, வியாழன். லீவு கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு வழக்கம்போல சமைப்பேன், ஒரு இலைதான் போடுவேன். நீங்கள் சொல்லாமல் அத்தானுக்குப் போடமாட்டேன். மாமியோடு நான் கதைக்கிறேன், அவவை நீங்கள் ஏசவேண்டாம், பாவம், அவ பெற்ற பிள்ளை.

போன வருசம் நான் கத்தினதற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ.

இங்கே தமிழ்க்கடையில் போன தரம் வாங்கின காத்தோட்டிக்காயில் கசப்பே இல்லை. பக்கத்து வளவுக்காரரின் மகள் 20ஆம் திகதி வருகிறாவாம். அவவிடம் நாலு காய் தந்துவிடுங்கோ.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி